காப்புக் கயிற்றோடு கடலில் இறங்கினேன்

போர்ட்டிக்சன் கடலில், கரையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, நான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். வாய் நிறைய உப்புத் தண்ணீர். இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. கையில் அம்மன் காப்பு. அந்த நேரத்திலும் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும் சகோதரிகளே, அந்தக் கோபம் ஆறாமலேயே இதைச் சொல்கிறேன். பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் செல்வி. வயது நாற்பத்திரண்டு. மம்பாவில் வீடு, நீலாயில் ஃபாக்டரி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். பிறந்தது லாபு பக்கம் ஓர் எஸ்டேட்டில். இப்போது அங்கே எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவில் நிற்கிறது, திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பிப் போவோம். என் மகள் யாழினி ஐந்தாம் வகுப்பில் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் வருஷாவருஷம் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். ஒரு வருஷமும் நான் தவறியதில்லை.

சென்ற ஆண்டு, கூட வேலை செய்யும் வசந்தி ஒரு படிவத்தைக் காட்டினாள். பெண்களுக்கான டிரையத்லான். கடலில் நீச்சல், பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம்.

"ஜெயிக்கவா போறோம்? சும்மா ஜாலிக்கு லா," என்றாள்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஜாலிக்கு என்று நான் எதைச் செய்தேன்? உடனே பேர் கொடுத்தேன். பயிற்சி என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மாதத்தில் சிரம்பான் நீச்சல் குளத்துக்கு ஆறு தடவை போயிருப்பேன். தங்கச்சியின் சைக்கிளை வாங்கி எஸ்டேட் செம்மண் ரோட்டில் ஓட்டினேன். ஷிப்ட் மாறினால் அது இரண்டு வாரம் சுவரில் சாய்ந்து கிடக்கும். ஓட்டம், நாய் துரத்திய அன்று மட்டும்.

மழையால் போட்டி தள்ளிப்போனது. புதிய தேதி, காப்பு கட்டிய நாட்களுக்குள் வந்து விழுந்தது. காப்பு கட்டினால் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது என்பது பழைய வழக்கம். கோயில் தலைவர் என் அப்பாவோடு வேலை செய்தவர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அத்தனை பேர் முன்னால் என்னை நிறுத்திக் கேட்டார்.

"காப்ப கட்டிக்கிட்டு, அரைக்கால் சிலுவாரப் போட்டுக்கிட்டு கடல்ல குதிப்பியா? போனியன்னா ஒனக்கு பால்குடம் கெடையாது. அப்புறம் ஒம் மவளுக்கு எதாச்சும் ஆனா என்னய வந்து கேக்காத."

என் மகளை இழுத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காப்பு கட்டிய ஆண்கள் கோலாலம்பூருக்கு லோரி ஓட்டுகிறார்கள். அவர் மகனே காப்போடு சிங்கப்பூர் போய்விட்டுச் சனிக்கிழமை வருகிறான். அப்போதெல்லாம் அந்த எல்லை எங்கே போயிற்று? முழுக்கை, முழுக்கால் மூடிய நீச்சலுடைதான் வாங்கியிருந்தேன். "போவேன் மாமா," என்று மட்டும் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் யாழினியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இருக்கிறதா என்று. அன்றிலிருந்து தினமும் தொட்டுப் பார்த்தேன்.

போட்டியன்றும் விரதம். ஒருவேளைச் சாப்பாட்டு உடம்போடு கடலில் இறங்கினேன். பாதித் தூரத்தில் கால் பிடித்துக்கொண்டது. வசந்தி முன்னே போய்விட்டாள். பக்கத்திலேயே பாதுகாப்புக்கு ஒரு சின்னப் படகு வந்தது. அதைத் தொட்டால் போட்டியை விட்டு நீக்கிவிடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். விதிகளை விளக்கிய கூட்டத்துக்கு ஷிப்டால் போகவில்லை. நான் தோற்றால் மாமா சொன்னது பலித்ததாகிவிடும், அடுத்தது என் பிள்ளைதான் என்று புத்தி ஓடியது. மூழ்கினாலும் படகைத் தொட மாட்டேன் என்று கையை மடக்கிக்கொண்டேன்.

அப்போது அம்மனைத் திட்டினேன். மனசுக்குள்தான், ஆனால் கத்திக் கத்தித் திட்டினேன்.

"ஏண்டி ஆத்தா, ஒனக்கு கண்ணில்லையா? ஆயுசுல ஒரு தடவ வெளையாட வந்தேன், அது ஒனக்குப் பொறுக்கலியா? எம்புள்ளயத் தொட்ட, ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். நீயும் பொம்பளதான? வந்து தூக்கு!"

கேட்டு முடிப்பதற்குள் தோளில் ஒரு கை. படகிலிருந்த மலாய்ப் பெண், "காக், பேகாங் சினி. போலே லா," என்றாள். அக்கா, இங்கே பிடித்துக்கொள்ளுங்கள், பிடிக்கலாம் என்கிறாள். பிடித்து இளைப்பாறலாமாம், படகோடு முன்னே போனால்தான் தப்பாம். காப்பு கட்டிய கையால் பிடித்தேன். அவள் என் காலைத் தேய்க்கும் விதம் சொல்லித் தந்தாள். இறுக்கம் விட்டது. மிச்சத்தை நீந்தினேன், சைக்கிள் மிதித்தேன், பாதி ஓடிப் பாதி நடந்தேன். கடைசியிலிருந்து நாலாவது ஆள் நான். வசந்தி வாழைப்பழத்தோடு காத்திருந்தாள். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

திருவிழாவன்று பால்குடத்தோடு போனேன். மாமா வழியை மறித்தார். பூசாரி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். உப்பில் வெளுத்துப்போன மஞ்சள் கயிறு.

"அறுந்துச்சாம்மா?"

"இல்லீங்க சாமி."

"கட்டுனவன் நான். ஆத்தாளும் அவுக்கல, நானும் அவுக்கல. வேற யாரு பேசணும்? கொடத்த தூக்கும்மா."

தூக்கினேன். யாழினி என் கூடவே நடந்து வந்தாள். மாமா ஒதுங்கி நின்றார். இன்றுவரை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கும் கோபம் போகவில்லை, அதையும் அம்மனிடம் சொல்லிவிட்டேன். இந்த வருஷப் படிவங்கள் என் பையில் இருக்கின்றன. தலைவர் வீட்டிலிருந்தே ஒருவர் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார், யார் என்று சொல்ல மாட்டேன்.

சகோதரிகளே, கைகூப்பிக் கும்பிட மனசு வராத நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்குத் திட்டியாவது கேளுங்கள். நான் திட்டினேன், அவள் ஆள் அனுப்பினாள். யாழினியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை, கடலிலிருந்து கரையேறிய அன்றோடு விட்டுவிட்டேன்.