நாலாவது லைன் கேமரா

நல்லூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். பார்கோடு ஸ்டிக்கர் அடிப்பதும், அடிக்கடி படுத்துக்கொள்ளும் பிரிண்டரைத் தட்டி எழுப்புவதும் என் தலையில். அதனால்தான் அந்தக் கேமரா வீடியோவும் என்னிடம் வந்து சேர்ந்தது.

தையல் பிரிவில், நாலாவது லைனில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டும் தெற்கத்திப் பெண் ஒருத்தி, சூப்பர்வைசர் தன்னைச் சொல்லக் கூசும் வார்த்தை சொல்லித் திட்டினார் என்று முதலாளியிடம் அழுதுகொண்டே புகார் கொடுத்திருந்தாள். பீஸைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னதோடு சரி என்று அவர் சாதித்தார். பக்கத்து மிஷின்காரிகள் வேலை போய்விடும் என்று வாயே திறக்கவில்லை. கேமராவில் பார்த்துவிடுவோம், பொய்யென்றால் அவள் கணக்கை முடித்துக்கொண்டு போகட்டும் என்றார் முதலாளி.

தண்ணீர்க் குழாயடியில் அவள் என்னிடம் சொன்னாள்: "வேற கம்பெனிக்குப் போயிருவேன்க்கா. பொய் சொன்னவன்னு பேரெடுத்துட்டு மட்டும் போவ மாட்டேன்."

கேமராக்காரர் பதிவைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கிளிக் செய்தால், திறக்க முடியாது என்றது கம்ப்யூட்டர். ஃபைல் பெயரின் வாலில் இருந்ததை அழித்துவிட்டு எம்பி4 என்று போட்டுப் பார்த்தேன். லேபிளை மாற்றித் தைத்தால் துணி மாறிவிடுமா? அதே பல்லவிதான். வேறொரு பிளேயரை இறக்கிப் போட்டேன். சாம்பல் கலரில் கோடு கோடாக ஓடியது.

சூப்பர்வைசர் வாசலில் நின்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடாவிட்டால் விட்டுவிடு கண்ணு என்று முதலாளியும் சொல்லிவிட்டார். விடுவேனா?

கேமராக்காரரைப் போனில் பிடித்தேன். கேமராப் பதிவுப் பெட்டி தனக்கென்று ஒரு வகையில்தான் பதியும், அதைத் திறக்கிற சின்ன பிளேயரையும் பென்டிரைவிலேயே போட்டிருந்தேனே என்றார். தேடினால் காணோம். பென்டிரைவைச் சொருகியதுமே எங்கள் ஆன்டிவைரஸ் அதைத் திருடன் என்று பிடித்து அடைத்து வைத்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல அதை வெளியே விட்டேன். படம் பளிச்சென்று ஓடியது.

ஆனால் சத்தமில்லை. அந்தக் கேமராவுக்கு மைக்கே கிடையாதாம். படத்தில் சூப்பர்வைசர் அவள் மிஷின் பக்கம் வருகிறார், குனிகிறார், வாய் அசைகிறது. அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஓட்டச் சொன்னார். அப்போதுதான் நானும் பார்த்தேன். அந்த வாய் அசைந்த நேரத்தில் லைன் முழுக்கக் கைகள் நின்றன. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் டீ வந்தால்கூடக் கையிலிருப்பதை முடிக்காமல் நிமிர மாட்டார்கள். அத்தனை பேரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் குனிந்துகொண்டார்கள்.

"சீக்கிரம் முடிக்கச் சொன்னா லைன் எதுக்குங்க நிக்குது?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டார் முதலாளி.

மறுநாள் சூப்பர்வைசர் வேலைக்கு வரவில்லை. அவள் வந்து வழக்கம்போல மிஷினில் உட்கார்ந்தாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. அவள் எதிரில் நின்று அழுதபோது நம்பாத முதலாளி, மிஷின் நின்றதைப் பார்த்ததும் நம்பிவிட்டார்.