மெஹ்ராஜ் கட்டிய காயில்

பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால்தான் மெஹ்ராஜுக்குக் காது கேட்கும். வால்வு போட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபயர் எது வந்தாலும் மேசைமேல் ஏற்றி, சூடேற விட்டு, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பிவிடுவார். கொண்டுவந்தவர் வாசிக்க வேண்டும். முகப்பில் எந்தக் கம்பெனியின் பெயர் மின்னுகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "பேரப் பாத்துட்டா காது அதும்பாட்டுக்கு ஆமாம் போட்டுரும்" என்பார்.

போடிநாயக்கனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை அவருடையது. மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களிலிருந்து எரிந்துபோன ஃபேன் மோட்டார்கள் ஜீப்பில் வந்து இறங்கும். சோறு போடுவது அந்த வேலைதான். பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு சர்ச் பாட்டுக்குழு, எங்கேயும் சரியாகாத பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிக் கிடந்தது. இதுவும் கம்பியும் இரும்பும்தானே என்று கட்டிக் கொடுத்தார். பெட்டி பாடிவிட்டது. அன்றிலிருந்து மூணாறு, கம்பம் என்று கிட்டார்க்காரர்கள் தேடி வருகிறார்கள். மெஹ்ராஜுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை.

கம்பி சுற்றும்போது எண்ணிக்கை வாயில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது கூப்பிட்டால் எண்தான் பதிலாக வரும். கணவர் நிஜாம் வாசலில் நின்று, "சோறு எடுத்து வைக்கவா?" என்று கேட்பார். "எண்ணூத்தி நாலு" என்பார் மெஹ்ராஜ். நிஜாம் புரிந்துகொண்டு போய்விடுவார்.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது ஒரே ஒரு பேச்சுக்கு. இது இங்கிலாந்துப் பரம்பரை, அது அமெரிக்கப் பரம்பரை என்று கிட்டார்க்காரர்கள் ஆரம்பித்தால் போதும், கையிலிருக்கும் குறடு மேசையில் விழும். வித்தியாசம் இல்லையென்று அவர் சொல்லவில்லை. அமெரிக்கப் பெட்டியில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கணீரென்று கேட்கும். இங்கிலாந்துப் பெட்டி தொண்டை கட்டிய பாடகன் உச்சத்தில் கத்துவது போல இழுக்கும். ஆனால் அது வால்வும் கம்பியும் ஸ்பீக்கரும் செய்கிற வேலை. "இதுல ரத்தம் எங்கிட்டு வந்துச்சு? பொண்ணு பாக்கவா போறாய்ங்க, கொலம் கோத்திரம் விசாரிக்க?"

இந்தப் பரம்பரைப் பேச்சுதான் போன மாதம் அவரைத் திருடியாக்கியது.

பூப்பாறைப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டில் இருக்கும் சின்ராசு, மேடைக் கச்சேரி செய்யும் கானமேளா ட்ரூப்பில் கிட்டார் வாசிப்பவர். ஊருக்குத் திரும்பிப் போன மேனேஜர் ஒருவரிடம் வாங்கிய இங்கிலாந்துப் பெட்டி அவரிடம் இருந்தது. லயன் வீட்டை விட்டு அதை வெளியே எடுத்ததே இல்லை. அது எரிந்துபோக, கீழே கொண்டுவந்தார். மெஹ்ராஜ் பழைய கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிப் பிரித்து, அதே கனத்தில் அதே எண்ணிக்கை சுற்றிக் கட்டினார். சின்ராசு கடையில் வைத்து வாசித்துப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"இது என் பெட்டி இல்லக்கா. பழைய கொழைவு எங்க? அமெரிக்காவா மாத்தி வச்சிருக்கீங்க."

கருகிய காயிலை எடுத்து முன்னால் வைத்தார் மெஹ்ராஜ். "இது ஏதோ மோட்டார்ல உள்ளது. ஒரிஜினல வித்துட்டீங்க" என்று சொல்லி, பெட்டியைக்கூட எடுக்காமல் சின்ராசு ஜீப் ஏறிவிட்டார். அன்று சாயங்காலமே இசைக்காரர்களின் வாட்ஸப் குழுவில், போடியில் பெட்டி கொடுத்தால் உள்ளே இருப்பது திரும்பாது என்று எழுதினார். மறுநாள் இரண்டு பேர் வந்து, பிரிக்காத பெட்டிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

"விடு, நாலு நாள்ல மறந்துருவாய்ங்க" என்றார் நிஜாம். "இருபது வருசமா ஒருத்தர் வீட்டுக் கம்பியில ஒரு சாண் எடுத்ததில்ல. நான் களவாணியா?" என்று கேட்ட மெஹ்ராஜ் அன்று சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் பூப்பாறையிலிருந்து ஒரு ஃபேன் மோட்டார் வந்தது. எப்போதும் போல வோல்டேஜ் குறைந்து, இழுக்க முடியாமல் இழுத்து எரிந்த மோட்டார். கருகிய கம்பியை உருவிக்கொண்டிருந்த கை நின்றது. அந்த மலையின் மோட்டார்கள் ஏன் எரிகின்றன என்று இருபது வருடமாக ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறவர், தன்மேலேயே எரிச்சலாகித் தலையில் அடித்துக்கொண்டார். உடனே சின்ராசுவுக்குப் போன் போட்டார். "தம்பி, கிட்டாரக் கொண்டா. வெரசா வா. வரலேன்னா நானே அங்க ஏறி வர்றேன்."

சின்ராசு விறைப்பாகத்தான் வந்தார். மெஹ்ராஜ் அவரைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். மீட்டர் இருநூற்று முப்பத்தாறு வோல்ட் காட்டியது.

"அதே அமெரிக்காதான்."

மோட்டார் சோதிப்பதற்காக வைத்திருக்கும், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கின் குமிழைத் திருப்பினார் மெஹ்ராஜ். இருநூற்றிருபது. இருநூறு. நூற்றுத் தொண்ணூறு. "இப்ப வாசி."

தந்தியில் கை பட்டதும் ஒலி குழைந்தது. ஓரங்கள் கரைந்து, அடி கொஞ்சம் தாமதித்து, தொண்டை கட்டிக்கொண்டு எழுந்தது. சின்ராசு சட்டென்று திரும்பினார். "எப்பக்கா பழசப் போட்டீங்க?"

மெஹ்ராஜுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில்தான். "இன்னமும் களவாணிதானா நானு? ஒங்க லயன்ல சாயங்காலம் லைட்டு எப்படிடா எரியும்?"

"மங்கலாத்தான்... கரண்டு லைன்ல கடைசிப் போஸ்ட்டுல்ல, வோல்டேஜ் வந்து சேராது."

"அந்த மங்கல்தான்டா ஒன் டோனு! இங்கிலாந்துக்காரன் இருநூத்தி நாப்பதுக்குச் செஞ்ச பெட்டிய நீ நூத்தித் தொண்ணூறுல பாடவச்சிருக்க. அதக் கேட்டுட்டு அவன் ரத்தம்னு கொண்டாடுற. என்னையத் திருடின்னு எழுதுற!"

சின்ராசு மீட்டரைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார். போனைத் திறந்தார். "அழிச்சிர்றேங்க்கா."

"அழிக்காத. அது கெடக்கட்டும். அதுக்குக் கீழயே நீ கேட்டத எழுது. எத்தன வோல்ட்டுன்னும் எழுது."

அவர் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மெஹ்ராஜ் பெட்டியைத் திருப்பி, எனாமல் டப்பாவில் பிரஷைத் தோய்த்து, பின்பலகையில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்று பொறித்த தகட்டுக்குக் கீழே வெள்ளை எழுத்தில் எழுதினார்: பூப்பாறை, 190.