பாலை நிறுத்தியும் நிற்காத வயிற்றுப்போக்கு

விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்த பூனைக்குட்டியை இன்று கண்டிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து மாதமாக வயிற்றுப்போக்கு. மிருக வைத்தியர் சொன்னபடி பாலை அறவே நிறுத்தி, சோறும் அவித்த மீனும்தான் வைத்தேன்.

“நோயோடு தந்துவிட்டீர்கள்” என்று அங்கிருந்த பெண்ணைக் கடிந்துகொண்டேன். அவர் குட்டியை வாங்கிக்கொண்டார்.

ஹட்டன் பஸ் பிடித்து, தேயிலைத் தோட்டத்தில் எட்டு வீடுகள் வரிசையாயுள்ள எங்கள் லயத்துக்கு வந்தால், கொழுந்து பறித்துத் திரும்பிய பக்கத்து வீட்டு அக்கா தேங்காய்ச் சிரட்டையோடு நிற்கிறார்.

“குட்டி எங்கங்க டீச்சர்? நீங்க ஒரு சொட்டுப் பால்கூட ஊத்தாததப் பாத்து மனசு கேக்கல. லயத்துல ஆளுக்கொரு நாளா பால்மா கரைச்சு வைக்கிறோம். இன்னைக்கு என் முறை.”

எட்டு வீட்டில் ஒரு வீட்டுக்காவது வைத்தியர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம்.

நாளை காப்பகத்துக்குப் போன் செய்யவேண்டும். நீங்களென்றால் முதலில் எதைக் கேட்பீர்கள், மன்னிப்பையா, குட்டியையா?