காருக்குக் கேஸ் வைத்த சனிக்கிழமை

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். ஹட்டனில் தூறல், எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடியாத மூடுபனி. எங்கள் பழைய டர்போ டீசல் காரை மருமகன் கராஜுக்குள் ஏற்றி நிறுத்தினார்.

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஆபரேஷன் தேவைப்படலாம், வலி கண்டதும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் கார் வழியில் இருக்கும் நானுஓயா ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மூச்சு வாங்கும். கடைசியாகப் போனபோது பதினாறு வாகனங்கள் எங்களை முந்தின. எஞ்சின் இழுக்கும் காற்றோடு கொஞ்சம் புரொப்பேன் கேஸைக் கலந்துவிட்டால் டீசல் முழுதாக எரியும், கார் ஏற்றத்தில் பாயும் என்று மருமகன் கேட்டு வந்திருந்தார். யாரிடம் கேட்டார் என்று நான்கு முறை விசாரித்தேன். நான்கு முறையும் "கூட்டாளி ஒருத்தர்" என்றார்.

கேஸ் மேல் இருந்த சந்தேகம் பத்து மணிக்குள் மெக்கானிக் மேல் திரும்பிவிட்டது; கைவேலைக்காரர் என்பதால் பாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். புதுசு என்று அவர் காட்டிய வால்வில் ஒரு கீறல். டிக்கியில் சிலிண்டர், காருக்கு அடியால் குழாய், எஞ்சின் பக்கத்தில் அந்த வால்வு. குழாயை இறுக்கிப் பிடிக்கப் பதினொரு கிளிப் போடுவேன் என்றவர் சரியாகப் பதினொன்று போட்டிருந்தார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து, கைக்கு எட்டிய ஐந்தையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

பகல் இரண்டரைக்கு மகள் எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்கிக்கொண்டு வந்தாள். வேலை செய்த வண்டியைச் சூடம் காட்டாமல் நாங்கள் வெளியே எடுப்பதில்லை. பொனட் திறந்தே இருந்தது. மருமகன் பம்பருக்கு முன்னால் வெற்றிலையில் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார்.

"பத்த வைக்காதீங்க மாப்பிள்ளை! கேஸ் வாடை அடிக்குது."

"கோயில்ல சாம்பிராணி போட்டாலே உங்களுக்கு வயர் எரியிற வாடைதானே, மாமா."

"பாஸ், உங்களுக்கு அடிக்கலையா?"

அவர் மூக்கை உறிஞ்சினார். "மூணு நாளா சளிங்க சேர். ஒரு வாடையும் தெரியல."

மகள் பம்பரை ஒட்டி நின்றிருந்தாள். நான் தீப்பெட்டியைப் பறித்தேன். அவளை ரோட்டுப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும்படி பாஸிடம் சொன்னேன். வால்வை ஒட்டிய மூட்டில் நுரை பொங்கியது.

"பதினொரு கிளிப்பு! இதுதான் உங்க வேலையா?" என்று கத்தினேன்.

பாஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்து குனிந்து பார்த்தார். முறுக்கிய ஒவ்வொரு கிளிப்பிலும் குழாயோடு சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போடுவது அவர் வழக்கமாம். இந்தக் கிளிப்பில் மட்டும் கோடு விலகி நின்றது.

"இத யாரோ அசைச்சிருக்காங்க சேர். நீங்க தொட்டீங்களா?"

"இழுத்துப் பார்த்தேன்."

"எத்தனை தடவங்க?"

எண்ணிக்கையில் பொய் சொல்ல எனக்கு வராது. "மத்ததெல்லாம் ஒரு தடவ. இத மட்டும் மூணு தடவ."

மகள் ரோட்டிலிருந்தே சொன்னாள்: "அப்பா, பொனட்டுக்குப் பூட்டுப் போட்டு சாவிய என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா நான் பஸ்லயே போய்ப் பெத்துக்கிறேன்."

பாஸ் புதுக் கிளிப் மாட்டினார். இரண்டு முறை சோப்புத் தண்ணீர் ஊற்றினோம், நுரை வரவில்லை. சூடத்தை நான் அறுபது அடி எண்ணி, தூறலுக்குக் குடை பிடித்து, அங்கே ஏற்றவைத்தேன்.

செப்டம்பரில் ஒரு பகல், நானுஓயா ஏற்றத்தை மூன்றாம் கியரில் ஏறினோம். பின் சீட்டில் மகள் வலியில் முனகினாள். நான் கண்ணாடியை இறக்கி வழி நெடுக முகர்ந்துகொண்டே போனேன். பொனட் பூட்டின் சாவி அவள் கைப்பையில் இருந்தது. பிள்ளை சுகமாகப் பிறந்தது.

பேசிய கூலியும் சாமானும் அறுபத்தைந்தாயிரம். புதுக் கிளிப்புக்கு முந்நூற்றைம்பது. எனக்காகப் போட்ட பூட்டுக்கு நாலாயிரத்து இருநூறு. ஆக அறுபத்தொன்பதாயிரத்து ஐந்நூற்றைம்பது ரூபாய்.