எட்டரைக்கு முடிந்துவிடும் என்று சொன்னேன்

நாலைந்து வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த வாரத்தில் நடந்தது இது. இடம், மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் தெரு.

மார்கழிக் கச்சேரிகள் ஓய்ந்த பிறகு, சபா பக்கமே போகாதவர்களும் உட்கார்ந்து கேட்கட்டும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் நான்கு நாள் இசை விழா நடத்தத் தீர்மானித்தது. எங்களுடையது முட்டுச்சந்து. சந்தின் கோடியில் மேடை, அதற்கு முன்னால் தெரு நீளத்துக்கும் நாற்காலிகள். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை. கச்சேரியில் மற்றவர்கள் தலையாட்டும்போது நானும் ஆட்டி வைப்பேன், அவ்வளவுதான். ஆனால் விழா என்று வந்துவிட்டால் பாடத் தெரிந்தவர்களைவிடத் தெரியாதவர்களுக்குத்தான் வேலை அதிகம் என்று அப்போது புரிந்தது. போலீஸ் அனுமதிக்கு ஒருவர் அலைந்தார். பந்தல், ஜெனரேட்டர் இன்னொருவர் தலையில். கலைஞர்களைக் கூட்டிவர, டீ காபி பார்த்துக்கொள்ள, கழிப்பறைக்கு ஏற்பாடு செய்ய என்று ஆளுக்கொரு வேலை. எனக்கு வந்தது அக்கம்பக்கத்தைச் சமாளிக்கும் வேலை. வீடு வீடாகப் போய் விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், கார்களை வேறு தெருவில் நிறுத்தச் சொல்ல வேண்டும், யாருக்காவது குறை என்றால் அது என் ஃபோனுக்கு வரும்.

"நீ சிரிச்சுண்டே பேசுவே. உன்னண்ட யாரும் சண்டைக்கு வரமாட்டா" என்றார் சங்கச் செயலாளர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மாமாதான். இந்த விழாவே அவருடைய பல வருடக் கனவு.

பெரும்பாலான வீடுகளில் சுலபமாக முடிந்தது. மேடையை ஒட்டினாற்போல் இருந்த கடைசி வீட்டுக்கு நான் கடைசியாகப் போனேன். தரைத்தளத்தில் இரண்டே அறை. ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், தலையில் முக்காடோடு தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைப்பவர் அவர்தான். எனக்கும் தைத்திருக்கிறார். ஆனால் வாசலிலேயே துணியைக் கொடுத்து வாசலிலேயே வாங்கிப் போனதால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "எத்தினி மணிக்கு முடியும்மா?"

"எட்டரைக்கு முடிஞ்சிடும்மா."

"கரெக்டா முடிஞ்சிடுமா?"

"எட்டரைன்னா எட்டரைதான்" என்றேன், சிரித்துக்கொண்டே.

அப்போதுதான் உள்ளறையைக் காட்டினார். இருபத்து நாலு வயதில், நல்ல உயரமாக, தாடியோடு ஒரு பையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஆட்டிசம். பேச்சு வராது. "இந்த மேளம், மத்தளம், அடிக்கிற சத்தம் எதுவும் எம் புள்ளைக்கு ஆவாதும்மா. மண்டைய செவுத்துல முட்டிக்குவான். கோயில் திருவிழா, கல்யாணம், எலெக்சன், எது வந்தாலும் நான் இவன இட்டுக்கினு பட்டினப்பாக்கம் பீச்சுக்குப் போய்டுவேன். அலை சத்தம் மட்டும் இவனுக்கு ஒத்துக்கும். ஆனா எட்டரைக்கு மேல தாங்க மாட்டான். வீட்டுக்கு வந்து சோறு தின்னணும்."

கச்சேரியைத் தள்ளி வையுங்கள், ஸ்பீக்கரைத் திருப்புங்கள் என்று அவர் எதுவும் கேட்கவில்லை. நேரத்தை மட்டும் கேட்டார். நானும் சுலபமான வேலை என்று நிம்மதியாகத் திரும்பிவிட்டேன்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அம்மாவும் பையனும் ஆட்டோவில் வந்து இறங்கியபோது மேடையில் திரை விழுந்திருந்தது.

இரண்டாம் நாள் நல்ல பெயருள்ள பாடகி. கூட்டம் தெருமுனை வரை நின்றது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். வந்தவர் மைக்கைப் பிடித்தார், விடவில்லை. அப்புறம் பொன்னாடைகள். பாட்டு ஆரம்பிக்கவே அரை மணிக்கு மேல் தாமதம். எட்டரைக்குக் கொஞ்சம் முன்னால்தான் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கமும் கடமும் மட்டும் மாறி மாறி வாசிக்கும் கட்டம் அது. கூட்டமே தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

நான் தெருமுனைக்கு ஓடிப்போய் அந்த அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "ஆட்டோல ஏறிட்டோம்மா. அவனுக்குப் பசி வந்துடுச்சி. இனிமே நிக்க மாட்டான்" என்றார்.

மாமாவிடம் வந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் தெரிந்தது கோபமில்லை, தவிப்பு. "தனி நடந்துண்டிருக்கும்மா. இப்பப் போய் எப்படி நிறுத்தறது? பத்து நிமிஷம் அவாளை வெளியில நிக்கச் சொல்லேன்."

அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. முட்டுச்சந்து என்பதால் வேறு வழியில்லை, நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து மேடை வரை போனால்தான் அவர்கள் வீடு. பையன் இறங்கி நாலு அடி வைத்தான். முதல் ஸ்பீக்கர் பக்கம் வந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்து அலற ஆரம்பித்தான். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. வளர்ந்த ஆண்பிள்ளை, தாடி வேறு. பின்வரிசையில் ஒருவர், "குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்றான் பாரு" என்று எழுந்தார். இரண்டு பேர் அவன் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். அவன் உதறினான். ஒரு நாற்காலி கவிழ்ந்தது.

"தொடாதீங்க! யாரும் எம் புள்ளையத் தொடாதீங்க!" என்று அந்த அம்மா கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் அவ்வளவு சத்தம்.

நான் சவுண்டு சர்வீஸ்காரரிடம் ஓடினேன். "அண்ணே, எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க."

"இன்னாக்கா சொல்ற? தனி போய்க்கினுகீது. செக்ரட்டரி என்னைக் கொன்னுடுவாரு."

"நான் பதில் சொல்லிக்கறேன். ஆஃப் பண்ணுங்கண்ணே!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பின்னால் கிடந்த பையனையும் பார்த்தார். ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்.

ஸ்பீக்கர்கள் செத்ததும், மேடையில் இருந்து மிருதங்கத்தின் சத்தம் மெலிதாக வந்தது. கூட்டத்தில் விசில், கூச்சல். நான் மேடைக்கு முன்னால் போய் நின்றேன். மிருதங்க வித்வானிடம் "சார், கொஞ்சம் நிறுத்துங்க. பக்கத்து வீட்டுப் பையன், அவனுக்குச் சத்தம் தாங்காது, வீட்டுக்குள்ள போகணும்" என்று எப்படியோ உளறினேன். வாசித்துக்கொண்டே அவர் நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். அடுத்த நொடி உள்ளங்கையை மிருதங்கத்தின் மேல் அழுத்தி நாதத்தை அடக்கினார். கடமும் நின்றது.

கூச்சல்தான் நிற்கவில்லை. அப்போது பாடகி எழுந்து நின்றார். மைக் இல்லாமலே, "எல்லாரும் அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்கோ. அந்தப் பிள்ளைக்கு வழி விடுங்கோ" என்றார். பாடிப் பழகிய குரல், தெருமுனை வரை போய்ச் சேர்ந்தது. கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டார்கள்.

அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அந்தத் தெருவில் அப்படியொரு அமைதியை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பையன் உடனே எழுந்துவிடவில்லை. அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தார். தொடவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பிறகு அவனே எழுந்தான். காதில் வைத்த கையை எடுக்காமல், யாரையும் பார்க்காமல், நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வீட்டுக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

தனி அதற்கு மேல் தொடரவில்லை. பாடகி மைக் இல்லாமல் மங்களம் பாடி முடித்துவிட்டார். "தனியைப் பாதியில நிறுத்தின கச்சேரிய இப்பத்தான் பாக்கறேன்" என்று என் காதுபடவே ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். மாமா என்னோடு பேசவில்லை. நாற்காலிகளை அடுக்கும்போதும் பேசவில்லை.

மறுநாள் காலை அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வேறு ஆளைப் போட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "அந்தப் பையன் சாப்ட்டானா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து போனோம். பையன் தட்டில் இட்லியோடு உள்ளே உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. நன்றி சொல்வார் என்று என் மனதில் ஓர் ஓரத்தில் எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்.

"நீ எட்டரைன்னு சொன்னதாலதாம்மா நான் இட்டுக்கினு வந்தேன். தெரியாதுன்னு சொல்லியிருந்தீன்னா பீச்சாண்ட இருக்கிற எங்க அக்கா வீட்லயே சோறு போட்டு அங்கயே படுக்க வச்சிருப்பேன்."

மாமா, "இன்னிக்கு கட்டாயம் எட்டரைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நேத்தும் அதான் சொன்னாங்க" என்றார் அந்த அம்மா.

மாமா, "லேட்டாகும்னு தெரிஞ்சா ஏழு மணிக்கே ஃபோன் பண்ணிச் சொல்லச் சொல்றேன்" என்றார்.

"அது போதும்யா. எனக்குத் தெரிஞ்சாப் போதும்." அப்புறம்தான் எங்களை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்.

மூன்றாம் நாள் சிறப்பு விருந்தினருக்கு மாமா மைக்கைக் கொடுக்கவேயில்லை. பொன்னாடையைப் போர்த்தி, கைகூப்பி, முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். கச்சேரி நேரத்துக்கு முடிந்தது. கடைசி நாள் முடிய ஒன்பதைத் தாண்டும் என்று தெரிந்தபோது ஏழு மணிக்கு நான் ஃபோன் செய்தேன். "சரிம்மா, நாங்க அக்கா வீட்டுக்குப் போறோம்" என்றார். அவ்வளவுதான். பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்ன தைரியத்தைப் பற்றி அப்புறம் சிலர் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு அதில் பெருமைப்படத் தோன்றவில்லை. எப்போது முடியும் என்று இன்று அலுவலகத்தில் யாராவது கேட்டாலும் சரி, வீட்டில் கேட்டாலும் சரி, சிரித்துக்கொண்டே ஒரு நேரத்தைச் சொல்லிவிட என்னால் முடிவதில்லை; அந்த நேரத்தை நம்பி ஒருவர் தன் மொத்த நாளையும் அமைத்துக்கொள்ளக்கூடும் என்ற பயம் எனக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது, அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் விட்டிருக்கிறேன்.