அக்கா கேட்டுச் சொன்ன மெஷின்

என் அக்காவுக்குத் தெருவில் வைத்த பெயர் மைக்செட். வாசலில் நின்று அத்தானைச் சாப்பிடக் கூப்பிட்டால் தெருக்கோடி மளிகைக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். வாயில்லாப் பூச்சியாக ஒரு மனுஷன், அவரைப் போட்டு இப்படி வறுத்தெடுக்கிறாளே என்று எல்லாரும் அத்தானுக்காக உச்சுக்கொட்டினார்கள். நானும்தான்.

உண்மை வேறு. அது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. தகடு அடிக்கும் பிரஸ் மெஷின்களுக்கு நடுவே வருஷக்கணக்கில் வேலை பார்த்து அத்தானுக்குக் காது போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் பாதி விழும். உதட்டைப் பார்த்தால் முழுசும் புரியும். ஆனால் முகத்துக்கு நேரே உதட்டைக் காட்டிப் பேசினால் நாலு பேர் கண்டுபிடித்துவிடுவார்களே! செவிடனை எந்த முதலாளி மெஷினில் நிறுத்துவான் என்ற பயம் அவருக்கு. அதனால் அக்கா கத்தினாள், கெட்ட பெயரையும் வாங்கிக்கொண்டாள். யாராவது வந்தால் அவர் முழங்கையில் இரண்டு விரலால் அழுத்துவாள். திரும்பிப் பார் என்று அர்த்தம். பட்டறைக்குள் கவலையில்லை. அந்த இரைச்சலில் எல்லாருக்கும் கைஜாடைதான். கத்தி மழுங்கினால்கூட மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுவார்.

அத்தானின் கம்பெனியை மூடினார்கள். கைக்கு வந்த செட்டில்மெண்ட் பணத்தில் பழைய சி.என்.சி. மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் போட்டுப் பிழைப்பதென்று முடிவானது. அளவைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் தானே இரும்பைக் குடைந்து தரும் மெஷின். புதுசின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். பழசு என்றாலும், இந்தப் பணம் போனால் வேறு பணம் கிடையாது. மகளின் படிப்பும் அதற்குள்தான் இருந்தது. செவிடன் என்று தெரிந்தால் யாரும் ஆர்டர் தரமாட்டார்கள் என்று, காது விஷயத்தை அத்தான் இன்னும் மூடியே வைத்திருந்தார்.

நான் லோடு வண்டி ஓட்டுகிறவன். இருவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். விற்கிறவர் மெஷினுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். அத்தான் அதற்கெல்லாம் மயங்குகிற ஆளில்லை. மெஷினின் மேஜையைத் தள்ளிப் பார்த்தார், டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்தார், எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார். கடைசியில் ஸ்பிண்டிலை, அதாவது கத்தியைச் சுழற்றும் தண்டை, ஓட்டச் சொன்னார்.

ஓடியது. அத்தான் உள்ளங்கையை வைத்தார். தலையாட்டினார்.

“சத்தம் சுத்தமா இருக்கு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வண்டியில் பேரிங் போகும்போது வருமே, அதே கீச்சல், கைக்குத் தட்டுப்படாத அளவுக்கு மெலிசாக வந்துகொண்டிருந்தது. விற்கிறவர் அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஸ்விட்சை அணைத்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது.

அத்தான் பையிலிருந்து முன்பணத்தை எடுத்தார். அக்கா அவரருகே போய் முழங்கையில் இரண்டு விரலை வைத்தாள். அவர் திரும்பினார்.

“இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க!” கூரைத் தகரம் அதிரக் கத்தினாள்.

விற்கிறவர் சிரித்தார். “அதான் சாரே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரேம்மா. தொழில் தெரிஞ்சவரு. நீங்க எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க? வீட்டுல யாரு ராஜ்ஜியம்னு நல்லாவே தெரியுது சார்!”

அத்தான் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் சொன்னால் அத்தானின் குட்டு வெளிப்பட்டுவிடும். அவள் குனிந்த தலையை அத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். பணத்தை மறுபடி பைக்குள் வைத்தார்.

“எனக்குக் காது கேக்காதுங்க” என்றார். “ரொம்ப வருஷமாச்சு. எனக்காகத்தான் அவ கத்துறா. மெஷின் எப்படியிருக்குன்னு அவளக் கேளுங்க.”

விற்கிறவர் சிரிப்பை விட்டுவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். நானும்தான். இத்தனை வருஷம் அத்தானுக்காக உச்சுக்கொட்டியவன் நான்.

அக்கா நிமிர்ந்தாள். அத்தானுக்கு நேரே நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி, மெதுவாகச் சொன்னாள். “உள்ள கீச்சுன்னு வருதுங்க. பேரிங் போலருக்கு. அவசரப்படாதீங்க.”

திரும்ப ஓட்டினார்கள். சூடேற ஏறக் கீச்சல் கூடியது. விற்கிறவர் மறுபேச்சில்லாமல் பேரிங் மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டார். அந்த மெஷினையே வாங்கினோம்.

பேரிங் மாற்றி முதல்முறை ஓட்டிய அன்று ஷெட்டில் நானும் இருந்தேன். அத்தான் உள்ளங்கையை வைத்தார். வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அவள் காது கொடுத்துக் கேட்டாள். “சரியா இருக்குங்க. கீச்சலே இல்ல” என்று அதே தணிந்த குரலில் சொல்லிவிட்டு, அடுப்பில் வேலை இருந்ததால் உள்ளே போனாள்.

அவள் போகும்வரை அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு என் தோளைத் தொட்டார்.

“மச்சான், அவ இப்ப கத்துறதில்லதானே?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“குரல் எப்படியிருக்கு? எனக்கு மறந்தேபோச்சு.”

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு நேராகத் திரும்பி நின்றேன்.

“கல்யாணமான புதுசுல நீங்க கேட்ட மாதிரியே இருக்கு அத்தான்” என்றேன், ஒவ்வொரு வார்த்தையாக.