பச்சை மருந்தின் சராசரி

பிணவறை வாசலில் என் அண்ணனைச் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார் ஒரு பெண். எங்கள் பட்டாசு ஆலையில் பச்சை மருந்து, அதாவது பச்சையாய் எரியும் வெடிமருந்து, கலந்தவரின் மனைவி அவர். கணவர் உள்ளே ஒரு சிறு மூட்டை அளவுக்குக் கிடந்தார். அண்ணனுக்கு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அந்த அடியில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

நான் குவாண்டம் சாவிப் பகிர்வில் ஆராய்ச்சி செய்கிறவள். ஒளித்துகள்களை அனுப்பி இருவர் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்ளும் வித்தை அது. ஒவ்வொரு துகளையும் இரண்டு முறைகளில் ஒன்றில் அனுப்புவார்கள். வாங்குகிறவர் மற்ற முறையில் அளந்துவிட்டால் அந்தத் துகள் குப்பை. இரண்டையும் சமமாக வைத்தால் பாதி வீண். ஒன்றை அடிக்கடியும் மற்றதை அரிதாகவும் பயன்படுத்தி அந்த வீணைக் குறைப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் இரண்டின் பிழைகளையும் தனித்தனியாக எண்ணியாக வேண்டும். சேர்த்துச் சராசரி போட்டால், நடுவில் ஒட்டுக்கேட்கும் திருடன் அரிதான பக்கத்தில் விட்ட தடம் அமுங்கிப்போகும்.

லீவுக்கு எங்கள் ஊரான ஆமத்தூர் வந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் வீணைக் குறைக்கும் முதல் பாதியை மட்டும் அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன்.

"நம்ம கம்பெனிலயும் இதே கததான்மா. வெள்ளை மருந்து தினம் கலக்கோம், பச்சை என்னைக்காச்சும். ரெண்டுக்கும் எதுக்கு அம்புட்டுச் சோதனை?" என்றான்.

கலவையில் சிட்டிகை எடுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுதான் சோதனை. அடிக்கடி பற்றிக்கொண்டால் வேலையை நிறுத்த வேண்டும். சில நாளில் அவன் பச்சைக்குச் சோதனையைக் குறைத்து, இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு, இன்னொரு சாப்பாட்டு நேரத்தில் சராசரியைப் போனில் காட்டினான். பச்சையின் ஆபத்து வெள்ளைக்குள் அமுங்கிவிடும் என்ற தப்பு எனக்கு உடனே தெரிந்தது. தட்டில் கறி ஆறிக்கொண்டிருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன், சொல்லவே இல்லை. சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

சீசன் ஆர்டர் கழுத்தைப் பிடித்தது. தட்டிய இரண்டு முறையும் பச்சை பற்றியது. பற்றாத வெள்ளையோடு சேர்ந்ததும் சராசரி எல்லைக்குள் வந்துவிட்டது. அடுத்துக் கலந்த பச்சை மருந்து வெடித்து, அறையையும் கலந்தவரையும் சேர்த்துத் தூக்கி எறிந்தது. வேப்பமரத்திலிருந்து ஒரு கையை இறக்கினார்கள்.

பிணவறை வாசலில் நான் நடுவே பாய்ந்தேன். "அவனை விடுங்க, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். காது இரைந்தது. அண்ணன் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றான்.

"அவள விடுங்க தாயி. அவளுக்கு இதப் பத்தி ஒண்ணுந் தெரியாது. என்னய அடிங்க."

அவர் மறுபடியும் அவனை அடித்தார். நான் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க நேரம் இருந்தது. முடிக்கவில்லை.